மஞ்சள் பையில் ஒரு கம்ப்யூட்டர்



போன வாரம் என் பேத்தி மேசையைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா, இந்த பொம்மையை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் பொம்மை என்றது என் நெட்புக்கை. பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

2010-இல் நான் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டி பணம் வந்ததும் மகன், "நல்ல லேப்டாப்பா வாங்குங்கப்பா" என்றான். கடையில் பெரியதைத் தூக்கிப் பார்த்தேன். ஆபீஸில் முப்பத்தொன்பது வருஷம் ஃபைல் தூக்கிய கை, இனிமேல் எடை வேண்டாம் என்றது. பக்கத்தில் இது இருந்தது. பத்து அங்குலத் திரை, ஒன்றே கால் கிலோ, 1 ஜிபி நினைவகம். சி.டி. போட இடம் கிடையாது. விலை பதினைந்தாயிரத்துக்குச் சற்று மேலே. என் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பையில் சரியாக உட்கார்ந்தது. அந்தப் பையிலேயே வீடு வந்து சேர்ந்தது.

இந்தச் சின்ன கம்ப்யூட்டர்களின் காலம் ரொம்பக் குறைவு. 2007-இல் அசூஸ் கம்பெனி 'ஈ பிசி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, உள்ளே வெறும் 4 ஜிபி இடம், லினக்ஸ் இயங்குதளம். அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் இறங்கின. 2008-இல் இன்டெல் இதற்கென்றே 'ஆட்டம்' என்ற சிறிய, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சிப்பைக் கொடுத்தது. 2010-இல் ஐபேட் வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் நெட்புக் கடையிலிருந்தே காணாமல் போய்விட்டது. நான் வாங்கியது கிட்டத்தட்ட அந்திம காலத்தில்.

முதல் நாளே ஒரு ஏமாற்றம். 1963-இல் எடுத்த ஒரு படம் என்னிடம் உண்டு. அம்மா நாற்காலியில், அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, நான் அரை டிராயரில் பக்கத்தில். அண்ணன் கப்பல் ஏறுவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. அதை ஸ்கேன் செய்து, திரையின் பின்னணியில் வைக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. அதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விலை குறைந்த மெஷின்களுக்கான அந்தப் பதிப்பில் பின்னணிப் படத்தை மாற்றவே வழி வைக்கவில்லை. அரசாங்க குவார்ட்டர்ஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். குடியிருக்கலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. திரையின் உயரம் 600 புள்ளிகள்தான். பல புரோகிராம்களின் பெட்டிகள் அதைவிட உயரமாக வரும். 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. டேப் பொத்தானை எண்ணி எண்ணித் தட்டி, ஒரு நம்பிக்கையில் என்டர் அடிக்க வேண்டும். பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவது போல. ஆபீஸில் நான் செய்யாததா!

நம்மில் பலரைப் போல நானும் பிரஞ்சுப் பள்ளியில் படித்தவன். டைப்பிங் முதலில் கற்றதும் ஒரு பெரியவர் வீட்டுப் பழைய பிரஞ்சு மெஷினில்தான். அதில் ஆங்கில மெஷினின் க்யூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும், டபிள்யூ இடத்தில் இசட். தலையில் கோடு போட்ட 'இ' எழுத்துக்குத் தனிப் பொத்தானே உண்டு, 2 என்ற எண் இருக்கும் இடத்தில். பிறகு 1971-இல் வேலை கிடைத்தபோது எல்லாம் ஆங்கிலம். நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்துப் பாஸ் செய்ய விரல்களை முதலிலிருந்து பழக்கினேன். ரிட்டயர் ஆன பிறகு தமிழ்99 கற்றேன். இடக்கைக்கு உயிரெழுத்து, வலக்கைக்கு மெய். 'அண்ணன்' என்று அடிக்க அ, ண, ண, ன என்று தட்டினால் நடுவில் உள்ள புள்ளி தானாக விழும், கடைசிப் புள்ளியை மட்டும் நாம் வைக்க வேண்டும். அறுபது வயதில் மூன்றாவது முறையாக விரல்களைப் பள்ளிக்கு அனுப்பினேன். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரைகள் அத்தனையும் இந்தச் சின்ன மெஷினில் அடித்ததுதான். சில ரொமேன் ரோலான் நூலகத்தில், சில பாரதி பூங்கா பெஞ்சில்.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது அல்லவா, அப்போது அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு இருபது வயது, தனியாகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் பிரஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனார். சொல்தாவாகவே காலம் கழித்து, தூலோனில் குடும்பத்தோடு தங்கிவிட்டார். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவார்.

நெட்புக் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கைப். இங்கே மாலை நாலு மணி, அங்கே வெயில் காலத்தில் பகல் பன்னிரண்டரை, குளிர் காலத்தில் பதினொன்றரை. அவர் முகம் ஒரு பால்யூ அளவுக்குத் தெரியும். பாதித் தமிழ், பாதி பிரஞ்சு. மீன் விலை, முழங்கால் வலி, தெருவில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் பேசுவோம். பேச்சு ஒரு இடத்துக்கு வந்தால் மட்டும் நான், "மெஷின் சூடாகுதுண்ணே, அடுத்த வாரம் பேசலாம்" என்று வைத்துவிடுவேன்.

அந்த இடம் அம்மா.

1994-இல் அம்மா ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார்கள். மூன்றாம் நாளே, "பெரியவனுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்கள். சொல்லியாச்சு என்றேன். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. கையில் பணமும் இருந்தது. எனக்குள் ஒரு கோபம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர், படுக்கையில் துடைத்துவிடுவது நான், இப்போது மட்டும் அவர் எதற்கு என்ற கோபம். ஒன்பதாம் நாள்தான் போன் செய்தேன். அவர் டிக்கெட் கிடைத்து வந்து இறங்கியபோது காரியம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. "திடீர்னு ஆயிடுச்சுண்ணே" என்றேன். அவரும் நம்பினார்.

ஸ்கைப்பில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "தம்பி, அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?" அப்போதெல்லாம்தான் என் மெஷின் சூடானது.

உண்மையில் அது ஒரு நாளும் சூடாகி நின்றதில்லை. மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

நேரில் சொல்ல வாய் வராது என்று கடிதமாக அடிக்க உட்கார்ந்தேன். அண்ணன் பிரஞ்சு எழுத்தில் கறார்ப் பேர்வழி. ஒரு அக்சான் விட்டுப் போனாலும் திருத்தி அனுப்புவார். இந்தச் சின்ன விசைப்பலகையில் அக்சான் போடுவது பெரும் பாடு. எண்களுக்குத் தனிப் பகுதி கிடையாது. முதலில் எஃப்என் பொத்தானோடு நம்லாக்கைத் தட்டி எழுத்துகளை எண்களாக்க வேண்டும். பிறகு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஜே, எல், எம். அதாவது 1, 3, 0. அப்போது ஒரு கோடு போட்ட 'இ' விழும். பிறகு நம்லாக்கை அணைக்க வேண்டும். மறந்தால் அடுத்த வார்த்தை எண்களாக வந்து நிற்கும். மெஷினுக்குள்ளேயே பிரஞ்சு விசை அமைப்பு உண்டு என்று பிறகு தெரிந்தது. ஆனால் பொத்தானில் இருப்பது ஒன்று, திரையில் விழுவது ஒன்று. பழைய விரல் மறந்துபோயிருந்தது.

மூன்று நாளில் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று, அக்சான் பாதிதான் போட்டிருந்தேன். 'இதையும் சரி செய்துவிட்டு அனுப்பலாம்' என்று வைத்தேன். அது 2013. ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. 2016 குளிர் காலத்தில் அண்ணன் மகள் போன் செய்தாள். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றுபோனது. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவன் வந்து, நினைவகத்தை 2 ஜிபி ஆக்கி, லுபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, என் மனைவி கொடுத்த அதிரசத்தை மட்டும் வாங்கிக்கொண்டான். போகும்போது, "தாத்தா, இதுல பேக்கிரவுண்டு மாத்தலாம், என்ன படம் வைக்க?" என்றான். பத்து வருஷம் கழித்து 1963 படம் திரைக்கு வந்தது.

'கம்போஸ்' என்ற ஒரு பொத்தானையும் அவனே அமைத்துக் கொடுத்தான். அதைத் தட்டி, ஒற்றை மேற்கோள் குறி, பிறகு 'இ', அக்சான் விழுந்துவிடும். அன்று இரவு அந்தக் கடிதத்தைத் திறந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. அனுப்பத்தான் ஆள் இல்லை.

பேத்தி பொம்மை என்று கேட்ட அன்று மறுபடி திறந்து படித்தேன். அண்ணன் மகளுக்கு பிரஞ்சு மட்டும்தான் தெரியும். அவள் அப்பா ஏன் ஒரு நாள் தாமதமாக வந்தார் என்று அவளுக்காவது தெரியட்டும் என்று, மேலே இரண்டு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன். மெதுவான மெஷின்தான், இருந்தாலும் இரண்டு விநாடியில் போய்விட்டது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அது அவள் உரிமை.

அன்பர்களே, வெளிநாட்டில் அண்ணனோ தங்கையோ உள்ளவர்கள் நம்மில் நிறைய பேர். பழைய நெட்புக் வீட்டில் கிடந்தால் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பெரிய வீடியோவை ஓட்டத் திணறும், நாலு பக்கத்தைத் திறந்தால் மூச்சு வாங்கும். ஆனால் எழுதவும், கடிதம் அனுப்பவும், ஒரு முகத்தைப் பார்த்துப் பேசவும் அது போதும். அக்சான் போடும் வழி வேண்டுவோர் வீட்டுக்கு வாருங்கள், காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். காலையில் வந்தால் நல்லது. மாலை நாலு மணிக்கு இன்னும் நான் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன்.