மண்ணோடு பேசும் காசு

நுழையும்முன்

மன்னரின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிய பழங்காசு ஒரு காலத்தின் சான்று. அது கிடைத்த இடம் அறியப்படாதபோது, அச்சான்றின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. பண்டைய காசுகளை ஆராயும் முறையையும் அவற்றைக் காக்கும் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தகடூர் மண்

தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக விளங்குவது வத்தல்மலை. சாமையும் காப்பியும் விளையும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலையைச் சூழ்ந்த நிலம் பண்டைய தகடூர் நாடு. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். இத்தகைய நிலத்தில் ஏர் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ பழங்காசு ஒன்று வெளிப்பட்டால் அதற்கு என்ன நேரும்? புளியிட்டுத் துலக்கப்படலாம், பழைய செம்பு வாங்குவோரிடம் எடைக்குப் போகலாம், உருக்கவும் படலாம். அக்காசின் உலோக மதிப்புச் சிறிது. அதனோடு அழியும் செய்தியோ பெரிது.

பெயரும் இடமும்

சங்ககாலத் தமிழ் மன்னர் தம் பெயரில் காசு வெளியிடவில்லை என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். 1984ஆம் ஆண்டு நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, செப்புக்காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். பாண்டியர் காசான அதன் ஒருபுறம் குதிரையும் மறுபுறம் மீன் சின்னமும் உள்ளன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து ‘மாக்கோதை’, ‘கொல்லிரும்பொறை’ எனப் பெயர் பொறித்த சேரர் காசுகள் வெளிவந்தன. இலக்கியம் காட்டிய மன்னர்குடிகளுக்கு உலோகம் சான்று பகர்ந்தது.

எனினும், ஆற்று மணலில் மண்ணடுக்கு இல்லை. காசோடு புதைந்த பானை ஓடு, மணி, கரித்துண்டு ஆகியன உடனிருந்தால் காலத்தைக் கணிக்கலாம். வெள்ளம் அவற்றைப் பிரித்துவிட்டமையால், பெயர் தெளிவாக இருந்தும் இக்காசுகளின் காலம் குறித்த கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

கிடைத்த இடம் தெரிந்தால் காசு கூடுதலாகப் பேசும். வத்தல்மலைக்குக் கிழக்கே, செங்கம் வட்டாரத்து ஆண்டிப்பட்டியில் ஈயக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் ‘சேந்தன்’ என்னும் பெயரும், மலையும் ஆறும் போன்ற சின்னங்களும் உள்ளன. செங்கம், மலைபடுகடாம் போற்றும் நன்னனின் நாடு. வேந்தரேயன்றிக் குறுநிலத் தலைவரும் காசு வெளியிட்டனர் என்று எண்ண அந்த இடமே துணைநிற்கிறது.

புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் காலத்தால் பிந்தியவை பேரரசர் வெஸ்பாசியன் (கி.பி. 69–79) வெளியிட்டவை. ஆகவே, அவர் ஆட்சிக்கு முன்னர் அப்புதையல் புதைக்கப்பட்டிருக்க இயலாது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் உருவத்தின்மீது வெட்டுக்குறி காணப்படுகிறது. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காதிருக்க அவ்வாறு வெட்டப்பட்டன என்பது ஒரு கருத்து. 501 காசுகளும் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் இம்முடிவுகளை எட்டியிருக்க முடியாது.

ஆய்வு நடுவங்களின் பணி

காசியல் ஆய்வு நடுவத்தில் ஒவ்வொரு காசும் எடையிடப்படுகிறது; விட்டம் அளக்கப்படுகிறது; இருபுறமும் ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. எக்ஸ் கதிர்களின் துணையால், காசைச் சிதைக்காமலே அதன் உலோகக் கலவை அறியப்படுகிறது. பண்டைய காசுகள் பல அச்சு கொண்டு அடிக்கப்பட்டவை. அச்சில் விழுந்த சிறு விரிசல், அதனால் அடிக்கப்பட்ட காசுகள் அனைத்திலும் பதியும். அத்தடத்தைக் கொண்டு, வெவ்வேறு ஊர்களில் கிடைத்த இரு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவை என அறிஞர் நிறுவுகின்றனர். இவ்வளவையும் கருவிகள் அளந்து கூறும். ஆனால், காசு எந்த ஊரில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதைக் கண்டெடுத்தவரால் மட்டுமே கூற இயலும். ஆய்வின் முதல் ஏடு நிலத்திலேயே எழுதப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்திய நாணயவியல் கழகம் 1910இல் அலகாபாத்தில் தொடங்கப்பெற்று, பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்திலும் பண்டைய காசியலுக்கெனத் தனி ஆய்வு நடுவம் உண்டு.

நம் கடமை

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காசைக் கொடுத்தால் கையிலிருப்பது போய்விடும் என்று ஏழை உழவர் அஞ்சுவது இயல்பே. ஆனால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் உரிய தொகை கிடைக்க அச்சட்டத்தில் வழியுண்டு. இச்செய்தியை மலையூர்களுக்குக் கொண்டுசேர்க்க, அவ்வூர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவரைவிடத் தகுந்தவர் யாருளர்?

பழங்காசைத் துலக்கக் கூடாது; தேய்க்கக் கூடாது; உடன் கிடைத்த ஓட்டுத்துண்டை வீசிவிடக் கூடாது. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தெரிவித்தல் நன்று. எழுத்துத் தேய்ந்த காசையும் அறிஞர் முயன்று படித்துவிடுவர். பிறந்த மண்ணை இழந்த காசின் வரலாற்றை முழுமையாக மீட்க எவராலும் இயலாது.