பெர்க்கை அவசரப்பட்டு எடுக்காதீங்க

2025 பிப்ரவரியில் ஓவர்வாட்ச் 2-ல் பெர்க் வந்ததிலிருந்து எனக்கு அந்த கேம் மேல் ஆசை கூடிவிட்டது. மேட்ச் நடக்கும்போதே ஹீரோவுக்கு லெவல் ஏறும். அப்போது கிடைக்கும் கூடுதல் திறன்தான் பெர்க். முதலில் சின்ன பெர்க், அப்புறம் பெரியது. ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றுதான். எடுத்தால் எடுத்ததுதான்.

ஓசூர் சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து வரும் நாங்களும் அத்திப்பள்ளி நண்பர்களும் தமிழும் கன்னடமுமாகக் கத்திக்கொண்டு ஆடுவோம். ஒரிசா என்ற ஹீரோவை ஆடுபவரிடம் நான் கெஞ்சிக் கேட்பது, எதிரணியைப் பார்த்துவிட்டு எடுங்க. ஒரிசாவின் பெரிய பெர்க் இரண்டில் ஒன்றில், ஈட்டி சுழற்றுவதை விட்டுக்கொடுத்தால் பழைய தடுப்புத் திரை திரும்பக் கிடைக்கும். தூரத்திலிருந்து எதிரணி ஸ்னைப்பர் விடோமேக்கர் குறிவைக்கும்போது அந்தத் திரைக்குப் பின்னால்தான் நம் ஹீலர் உயிரோடு நிற்பார். எதிரணி பாய்ந்து உள்ளே வந்து அடிக்கிற டீமா? திரை வீண், மற்றதை எடுங்க. எதுவானாலும் மைக்கில் சொல்லிவிடுங்க. ஹீலர் இருவரும் அதற்கேற்ப இடம் பிடிக்கணும்.