பெட்டிக்குள் கௌளி

முதலில் சத்தத்தைக் கேட்டது அம்மாதான். "கௌளி சொல்லுது, கிழக்குப் பக்கம்" என்றார். கிழக்கே இருப்பது டிவி மேசை. அதன் கீழ்த்தட்டில் ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய டிவிடி ரெக்கார்டர். சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது: டிக், டிக், டிக்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019 அக்டோபரில் நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து ஏரியலில் எதையும் பிடிக்க அந்தப் பெட்டிக்கு வக்கில்லை. காஜாங்கில் இந்த வீட்டுக்கு வந்தபோதே தூக்கிப் போட்டிருக்க வேண்டியது. ஆனால் அதற்குள் 1994ஆம் ஆண்டு பிராங் பெசார் தோட்டத்துக் கோயில் திருவிழா இருக்கிறது. இரவல் கேமராவில், 8 மிமீ நாடாவில் அப்பா எடுத்தது. நாடா பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா. மிச்சம் இந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்.

பழுது பார்க்கும் கடையில், பெட்டியைத் திறக்காமலே, "டிஸ்க் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினால் புதிய டிஸ்க் வரும், திருவிழா வராது. கழற்றிக் கணினியில் சொருகினாலும் பலனில்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் தமக்கே உரிய முறையில்தான் எழுதிவைக்கும், விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்க். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் காதைத் தீட்டிக் கேட்டதில் புரிந்தது, சத்தம் ஒன்றல்ல, மூன்று. டிக் டிக் ஒன்று. பெட்டியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து வரும் உறுமல் இரண்டாவது. மூன்றாவது, சில டிவிடி தட்டுகளைப் போட்டால் மட்டும் மேசையே அதிரும் 'டர்ர்'.

மூன்றாவது சுலபமாகப் பிடிபட்டது. அதிர்ந்த தட்டுகள் எல்லாவற்றிலும் காகித லேபிள் ஒட்டியிருந்தேன். சாதாரண வேகத்தில் ஓடும் டிவிடி, உள்வட்டத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுழலும். வெளி விளிம்புக்குப் போகும்போது 600க்கும் கீழே இறங்கிவிடும். லேபிள் ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் எடை ஒரு பக்கம் இழுக்கும். படம் ஓட ஓட அதிர்வு தணிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

உறுமலுக்கு மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. மின்சாரம் ஓடும்போது இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மின்வழங்கி இருக்கும் மூலையில் 240 வோல்ட் காத்திருக்கிறது. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். வலது கையில் முந்தின நாள் சாப்பிட்டுக் கழுவிவைத்த சாத்தே குச்சி. காஜாங்காரன் வேறு எதைத் தேடுவான்? குச்சியின் ஒரு முனையை ஹார்ட் டிஸ்கின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோரம் எலும்பில் அழுத்தினேன். சீரான ரீங்காரம், நடுநடுவே ஊசிமுனை நகரும் மெல்லிய கரகரப்பு. சாகப்போகும் டிஸ்க் இப்படிப் பேசாது. படிக்க முடியாமல் முனை திரும்பத் திரும்பப் போய் இடிக்கும், பிறகு சுழற்சியே நிற்கும். அடுத்து, பின்பக்க விசிறியின் நடுக்குமிழில் குச்சியை மெல்லத் தொட்டேன். விசிறி நின்றது. உறுமலும் நின்றது.

எண்ணெய் வறண்டுபோன, 12 வோல்ட் குட்டி விசிறி. அதே அளவில் வாங்க எம்ஆர்டி ஏறி, மெர்டேக்காவில் எல்ஆர்டிக்கு மாறி, புடுவில் ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணு உதிரிகளுக்கு அந்தத் தெருவை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் தெரியாது. பத்து வெள்ளிக்குள் முடிந்தது.

டிக் டிக் மட்டும் போகவில்லை. ஒரு ராத்திரி வெறுப்பில் பிளக்கையே பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் அமைதி. பிறகு இருட்டில், மின்சாரமே இல்லாத பெட்டிக்குள்ளிருந்து: டிக், டிக், டிக்.

டார்ச் அடித்தேன். முன்பலகைக்குப் பின்னால், எந்நேரமும் ஸ்டாண்ட்பையில் கதகதப்பாக இருக்கும் இடத்தில், சுண்ணாம்பு உருண்டை மாதிரி இரண்டு முட்டை ஓடுகள். ஒன்று உடைந்து காலியாக இருந்தது. பக்கத்தில், என்னைப் பார்த்தபடி, வாலில்லாத ஒரு பல்லி.

"சொன்னேன்ல" என்றார் அம்மா. பலன் என்னவென்று கேட்டதற்கு, கிழமையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்த வாரமே திருவிழாவைத் தட்டுகளுக்கு மாற்ற உட்கார்ந்தேன், லேபிள் ஒட்டாமல். ஒரு தட்டுக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றையும் ஃபைனலைஸ் செய்தால்தான் வேறு பெட்டியில் ஓடும். அம்மாவும் கூடவே பார்த்தார். உறுமி ஓய்ந்து, பூசாரி தீபம் காட்டும் இடத்தில் பின்னணியில் ஒரு மெல்லிய 'ங்ஙீ' கேட்டது. எனக்குத் தெரியும், அது கேமராவின் சத்தம்: நாடாவில் பதியும் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்வது, பக்கத்திலேயே இருக்கும் மைக்கில் விழுந்திருக்கிறது.

"ரப்பர் ஃபேக்டரி மிஷின் ஓடுது பாரு" என்றார் அம்மா. "திருவிழா அன்னிக்குக்கூட நிறுத்த மாட்டாங்க."

ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.