சொட்டுகிற வால்வும் பீங்கான் வட்டும்

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயில்தான் ஞாபகம் வரும். எங்களுக்குக் கூடவே பீங்கானும் வரும். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் டிப்ளமோ படிக்கக் கல்லூரியும் இருக்கிறது. ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரை சுட்டு எடுக்கிற ஊர். ஆனால் பீங்கான் ஊர்க்காரன் வீட்டுக் குளியலறையிலும் குழாய் ஒழுகத்தானே செய்யும்!

ஆயாவுக்கு முழங்கால் வலி, குந்தி உட்கார முடியவில்லை. அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சுவரையும் தரையையும் கொத்திப் போட்டிருந்தோம். மறுநாள் டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார் என்ற நிலையில், சுவருக்குள் பதிந்த பழைய ஸ்டாப் காக் சொட்டிக்கொண்டிருந்தது. வினாடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு 1 மில்லி என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். எனக்குத் தண்ணீரை விட டைல்ஸ்தான் பயம். ஒட்டிய பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

"மாத்திடலாம் தம்பி" என்றார் பிளம்பர். "எங்கேர்ந்து ஒழுகுதுன்னு முதல்ல பாத்துடலாம்ணே" என்றேன். மூன்று இடங்களில் ஒழுகலாம். மூடியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். மரை ஓரத்தில் கசிந்தால் கழற்றி டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். கைப்பிடித் தண்டின் அடியில் கசிந்தால் கிளாண்ட் பேக்கிங் போய்விட்டது என்று அர்த்தம். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தோம். தண்டுதான்!

கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கினார். குறைந்தது, நிற்கவில்லை. மாடி டாங்கின் கேட் வால்வை அடைத்துவிட்டு, நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை நூல் போலத் திரித்து, நட்டு இறுகும் திசையிலேயே தண்டைச் சுற்றி, மறுபடி இறுக்கினார். நின்றுவிட்டது. இரவு முழுக்க வால்வைத் திறந்தே வைத்து, மறுமுனையில் டம்மி பிளக் போட்டுக் காலையில் பார்த்தோம். சுவர் காய்ந்தே இருந்தது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கால் சுற்றில் மூடுகிற குழாய்கள் பலவற்றில் ரப்பர் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் வட்டுகள் இருக்கும். அது எங்கள் ஊர்க் களிமண் பீங்கான் அல்ல, அலுமினா. மோஸ் அளவில் 9, வைரத்துக்கு அடுத்த படி. சுலபத்தில் தேயாது. ஆனால் மணல் புகுந்தால் ஒழுகலாம். போர் தண்ணீர் வீடுகளில் குழாயை நன்றாக ஓடவிட்டுக் கழுவிய பிறகே அதை மாட்டச் சொல்லுங்கள். சுவருக்குள் பதிப்பதாக இருந்தால், டைல்ஸை உடைக்காமல் முன்பக்கமாகவே கார்ட்ரிட்ஜைக் கழற்ற முடியுமா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.