இன்னும் மூன்று வருஷமா?

சென்ற மாதம் ராயக்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். கோட்டைக் குன்றின்மேல் ஏறிப் பார்க்க வேண்டுமென்பது நமது ஆசை. அடிவாரத்தைக்கூட நாம் எட்டவில்லை. நண்பர் நம்மைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார்.

அவர் தக்காளி மண்டி வைத்திருப்பவர். அவருடைய புதல்வி பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாலரை வருஷம் படித்து, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாகவும் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"எம்.டி.க்கு இன்னும் மூன்று வருஷமாம், ஐயா! தக்காளி விலை போகிற போக்கில் யார் தாங்குவது? பெண் பார்க்க வந்த பெங்களூர்க்காரர்களோ, 'இங்கிலீஷ் வைத்தியம் இல்லையா?' என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்" என்றார் நண்பர்.

காப்பியை மட்டும் அவர்கள் நிராகரிக்கவில்லை போலும்!

அதுவரை கதவோரம் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஓசூர் ஆலைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்கள் முதுகு வலியோடு வருகிறார்கள். வர்மமும் தொக்கணமும் படித்திருக்கிறேன். ஆனால் கை இன்னும் பழகவில்லை. பழகாத கையை ஒருவர் முதுகில் வைக்கப் பயமாயிருக்கிறது."

இந்தப் பயம் நல்ல வைத்தியரின் லட்சணம் என்பது நமது அபிப்பிராயம்.

அவளுக்கு உள்ள வழிகளை நண்பருக்கு எடுத்துச் சொன்னோம். ஊரிலேயே வைத்தியசாலை வைக்கலாம். சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உதவி சித்த மருத்துவ அலுவலர் வேலைக்கு முயலலாம். மேலே படிப்பதானால், தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 2017 முதல் இவற்றுக்கு அகில இந்திய நுழைவுப் பரீட்சை நடக்கிறது. இடங்கள் சில, போட்டி பெரிது. குணபாடம், நோய் நாடல், குழந்தை மருத்துவம் முதலிய பிரிவுகளுள், இவள் விரும்பும் வர்மமும் தொக்கணமும் சிறப்பு மருத்துவத்தில் அடங்கும்.

"படித்தாலும் ஊர் மதிக்குமா?" என்றார் நண்பர்.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்றொரு வைத்திய முறை உண்டு. எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்வதை முக்கியமாகக் கொண்டு எழுந்தது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-இல் மிஸ்ஸௌரி மாகாணத்தில் அதற்கு ஒரு பள்ளி தொடங்கினார். நெடுங்காலம் மற்ற ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டதாரிகளைப் பயிற்சிக்குச் சேர்க்கவில்லை. அவர்கள் தமக்கென்று ஆஸ்பத்திரிகள் அமைத்துக்கொண்டு பயின்றார்கள். 2020-இல்தான் இரு சாராரின் மேற்பயிற்சியும் ஒரே அங்கீகாரத்தின்கீழ் வந்து முடிந்தது. அவர்கள் நவீன மருந்துகளும் ரண சிகிச்சையும் முழுவதும் கற்பவர்கள். ஆகையால் சித்த வைத்தியத்தோடு அப்படியே ஒப்பிடுவதற்கில்லை. ஆயினும், நோயாளியின் கட்டிலருகே கழித்த வருஷங்களே அவர்களுக்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தன என்பதை நாம் மறக்கலாகாது.

நண்பர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. "சர்க்கார் கல்லூரியில் எம்.டி. படிக்கும்போது மாதந்தோறும் உதவித்தொகை உண்டே" என்றோம். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் நாம் ரயிலுக்குப் புறப்பட்டபோது, மண்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நுழைவுப் பரீட்சை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். கோட்டையை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டி ஏறினோம்.