கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தன் திறமைக் குறைவை மறைப்பதற்காகக் கருவியின் மீதும் களத்தின் மீதும் பழி சுமத்துவோரை எள்ளுவதற்கு இதனிலும் கூரிய வாசகம் கிடைப்பது அரிது. சிறுவயதில் இப்பழமொழியை நான் எண்ணற்ற தடவைகள் எடுத்தாண்டுள்ளேன். எடுத்தாண்டதெல்லாம் ஒருவன் மீதே. அவன் எனது தம்பி. கணினி விளையாட்டில் இருபது ஆண்டுகளை ஈடுபாட்டுடன் கழித்த ஒருவன் தன் அனுபவங்களை எழுதப் புகுந்தால், வென்ற ஆட்டங்களின் விபரமே அங்கு மேலோங்கி நிற்பதுண்டு. ஆயின் ஒரு பழைய விசைப்பலகை எனக்கு உணர்த்திய உண்மையையே நான் ஈண்டு எழுத விழைகின்றேன்.

2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறக்கப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் பாவித்த கணினிகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. 2004இல் எமது வீட்டிற்கும் அவ்வாறான ஒன்று வந்தது. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டே அப்பா அதனை வாங்கினார். அம்மா அதற்குப் பூத்தையல் போட்ட துணியொன்றை உறையாக்கி, சுவாமிப் படத்திற்கு அடுத்த மரியாதையை அதற்கு அளித்தார். அப்போது எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்குப் பதினொன்று. கல்வி சார்ந்த பயன்பாடு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு நீடித்தது எனலாம்.

அக்கணினியின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கேயுரிய குணமுடையதாக விளங்கியது. மவுஸ் என நாம் அழைத்த சுட்டியின் அடியில் இறப்பர் பூசிய உருண்டையொன்று இருந்தது. அது உருளும்போது உள்ளேயுள்ள இரு சிறு உருளைகள் சுழன்று, கையின் அசைவைத் திரைக்கு உணர்த்தும். மேசையிலுள்ள தூசியும் கையின் வியர்வையும் அவ்வுருளைகளில் படிந்து கறுத்த வளையமாக இறுகிவிட்டால், இடப்புறம் இழுத்தாலும் திரையிலுள்ள அம்பு தயங்கித் தயங்கியே நகரும். வாரத்திற்கொருமுறை உருண்டையைக் கழற்றி, நகத்தால் அழுக்கைச் சுரண்டி எடுப்பது எனது கடமை. ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில் கணினி தானாக நின்று மீண்டும் தொடங்குவதும் உண்டு. இறுவட்டில் கீறல் என்றும் வைரஸ் என்றும் பலவாறு காரணம் கற்பித்தோம். ஈற்றில், மின்வழங்கிப் பெட்டியின் விசிறியில் பஞ்சுபோல் அடைந்திருந்த தூசியே காரணமென்று கண்டோம். அதனைத் தூரிகையால் துடைத்தபின் நோய் தீர்ந்தது. ஆக, கருவி பிழைவிடும் என்பதையும், பிழையை வெளியில் தெரியும் இடத்திலன்றி வேறோர் இடத்திலேயே தேடவேண்டும் என்பதையும் நான் அன்றே அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் ஓரிடத்தில் மாத்திரம் அவ்வறிவைப் பயன்படுத்தத் தவறினேன். அதுவே எனது குற்றம்.

எம்மிருவருக்கும் உயிராக இருந்த ஆட்டம் 'லிற்றில் பைற்றர் 2' என்பதாகும். ஹொங்கொங்கைச் சேர்ந்த மார்ற்றி வோங், ஸ்ராஸ்கி வோங் ஆகியோர் 1999இல் உருவாக்கி இலவசமாக வழங்கிய ஆட்டம் அது. ஒரே விசைப்பலகையில் ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து ஆடலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. ஒவ்வொருவருக்கும் ஏழு விசைகள் வேண்டும்: திசைக்கு நான்கு, தாக்குவதற்கும் பாய்வதற்கும் தடுப்பதற்கும் ஒவ்வொன்று. மூத்தவன் என்ற உரிமையில் வலப்புறத்து அம்பு விசைகளை நான் எடுத்துக்கொண்டேன். இடப்புறத்து எழுத்துக்கள் தம்பிக்கு ஒதுக்கப்பட்டன. தோளோடு தோள் நெருங்கி, ஒரு கதிரையில் இருவராக அமர்ந்து ஆடிய மாலைகள் அவை.

ஆட்டங்களில் நானே வென்றேன். மூலைவாட்டில் ஓடுவதற்காக இரு அம்பு விசைகளை அழுத்திப் பிடித்தபடியே தம்பியின் வீரனை நெருங்குவது என் வழக்கம். அவன் தாக்க வேண்டிய அக்கணத்தில் அவனது வீரன் மரம்போல் நிற்பான், நான் வீழ்த்திவிடுவேன்.

"நான் அமத்தினனான் அண்ணா, அது வேலை செய்யேல்லை" என்பான் தம்பி.

நான் பழமொழியைச் சொல்வேன். அம்மாவும் அடுக்களையிலிருந்து சிரிப்பார். நாளடைவில் அவனுக்குக் 'கைமந்தன்' என்று பெயரிட்டேன். வீட்டார் அனைவரும் அப்பெயரை விளையாட்டாக ஏற்றுக்கொண்டனர். 2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட்ட பின்னர், பொருள்கள் கிடைப்பது அரிதாகி, புதிய விசைப்பலகை என்பது நினைத்தும் பார்க்க முடியாததொன்றாயிற்று. அக்காலத்தில் ஒருநாள், வழமைபோல் தோற்ற தம்பி, எதுவும் பேசாது எழுந்து விறாந்தைக்குச் சென்றான். அதன்பின் அவன் அக்கதிரையில் அமரவேயில்லை. எனக்குக் கதிரை முழுமையாகக் கிடைத்ததில் அன்று மகிழ்ச்சியே. சில ஆண்டுகள் கழித்து, உயர்தரத்திற்குப் பாடம் தெரிவுசெய்யும் வேளையில், கணக்கில் வல்லவனாகிய அவன் வணிகப் பிரிவைத் தெரிந்தான். காரணம் கேட்ட அப்பாவிடம், "மெசின் வழிய எனக்குக் கை ஓடாதப்பா" என்றான். அக்கூற்று எங்கிருந்து பிறந்தது என்பதை அன்று நான் சிந்திக்கவில்லை.

2012இல், இப்பல்கலைக்கழகத்தின் இரண்டாமாண்டு இலத்திரனியற் செய்முறை வகுப்பொன்றில், கழித்துவிடப்பட்ட விசைப்பலகைகள் சில எம் முன்னே வைக்கப்பட்டன. அவற்றைத் திறந்து, இயங்கும் முறையை ஆராய்வதே அன்றைய பணி. மூடியை அகற்றியபோது உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள் காணப்பட்டன. மேற்றாளிலும் கீழ்த்தாளிலும் மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருந்தன. நடுத்தாளில், ஒவ்வொரு விசைக்கும் நேரே ஒரு துளை. விசையை அழுத்தும்போது மேற்கோடு துளையினூடாகக் கீழ்க்கோட்டைத் தொடுகின்றது. அவ்வளவே.

நூற்றுக்கு மேற்பட்ட விசைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள் இட்டால் செலவு மிகும். ஆதலின் விசைகளை நிரைகளாகவும் நிரல்களாகவும் பின்னி, இருபது முப்பது கோடுகளோடு காரியத்தை முடிக்கின்றனர். உள்ளேயுள்ள சில்லு ஒவ்வொரு நிரைக்கும் மாறிமாறிச் சைகை அனுப்பி, எந்த நிரலில் அது திரும்பி வருகின்றது என்பதை நோக்கும். ஒரு விசை, இரு விசை எனில் குழப்பமில்லை. ஆயின் ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளைப் போன்று அமைந்த மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால், மின்னோட்டம் அம்மூன்றினூடாகவும் சுற்றிவந்து, அழுத்தப்படாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகப் பொய்த்தோற்றம் தரும். இப்பேயெழுத்துத் தோன்றாதிருக்கும் பொருட்டு, ஐயத்திற்கிடமான மூன்றாவது விசையைச் சில்லு பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றது. ஒவ்வொரு விசைக்கும் ஓர் இருவாயியை இணைத்துவிட்டால் இக்குறை நீங்கும். விலை கூடிய விசைப்பலகைகளில் அவ்வாறே செய்கின்றனர், மலிவானவற்றில் செய்வதில்லை. அதனைப் பெருங்குற்றமெனக் கூறவும் இயலாது. விசைகளின் இவ்வரிசை, 1870களில் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறியிலிருந்து பெறப்பட்டது. தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தின்பின் ஓர் எழுத்தாகவே தட்டுவார். இரு சிறுவர்கள் பதினான்கு விசைகளுக்காக மல்லுக்கட்டுவார்கள் என்பதை எவர் எண்ணியிருப்பர்?

விரிவுரையாளர் இவ்விளக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது, என் செவியில் விழுந்தது அவர் குரலன்று. "நான் அமத்தினனான் அண்ணா" என்ற பழைய குரலே.

அடுத்த விடுமுறையில் வீடு சென்றதும், கட்டிலின் கீழிருந்த அவ்விசைப்பலகையைத் தேடியெடுத்துக் கணினியில் பொருத்தினேன். எழுத்துக்கள் தோன்றும் வெற்றுப் பக்கமொன்றைத் திறந்தேன். தம்பியின் தாக்கும் விசையைத் தட்டினேன், எழுத்து விழுந்தது. பின்னர், அக்காலத்தில் ஓடியது போலவே, இரு அம்பு விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீண்டும் தட்டினேன். எழுத்து விழவில்லை. பத்து முறை தட்டினேன்; பத்து முறையும் விழவில்லை. விசைப்பலகையைப் பிரித்துக் கோடுகளை விரலால் தொடர்ந்து சென்று பார்த்தேன். எனது இரு அம்பு விசைகளும் ஒரே நிரையில் இருந்தன. தம்பியின் விசையோ அவற்றுள் ஒன்றின் நிரலில் இருந்தது. முந்திக்கொண்டு அழுத்திப் பிடித்தவனுக்கே அங்கு வழி. பிந்தியவன் எத்துணை வலிந்து அழுத்தினும் அவன் குரல் மேலே செல்லாது. கூடம் கோணலாகவே இருந்தது. அது மட்டுமன்று. அக்கோணல் என் விரல்கள் இருந்த வரையில் மாத்திரமே தோன்றியது. தன்னந்தனியே ஆடியபோது அதே விசைகள் அவனுக்குச் செவ்வனே இயங்கின. ஆகவே அவனுங்கூடத் தன் கையையே ஐயுற்றிருப்பான்.

இதனை உடனே அவனிடம் கூறியிருத்தல் வேண்டும். கூறவில்லை. சிறுவயதுச் சில்லறை விடயத்தை எதற்காகக் கிளறவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அச்சமாதானத்தை உடைத்தது இன்னொரு கருவி.

2019இல், உழைத்த பணத்தில், 144 ஹேர்ட்ஸ் வேகமுடைய திரையொன்றை வாங்கினேன். சாதாரண திரை செக்கனுக்கு 60 தடவைகள் படத்தைப் புதுப்பிக்கும்; அஃதாவது 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம். இதுவோ ஏறத்தாழ 7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம் காட்டும். அதனைப் பொருத்திய நாளிலிருந்து என் குறி கூர்மையடைந்ததாக உணர்ந்தேன். நண்பர்களிடமும் வியந்துரைத்தேன். நான்கு மாதங்கள் கழிந்தபின் ஒருநாள் தற்செயலாக அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோதே உண்மை தெரிந்தது. திரையின் வேகத்தை 144 ஆகத் தெரிவுசெய்ய நான் மறந்திருந்தேன். நான்கு மாதமும் அது 60இலேயே இயங்கியிருந்தது. நான் கண்ட முன்னேற்றம் யாவும் கொடுத்த விலை உண்டாக்கிய மயக்கமே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இல்லாத மேன்மையை என் கருவிக்கு ஐயமின்றி வழங்கிய அதே மனம், இருந்த குறையைத் தம்பி எடுத்துரைத்தபோது ஒரு கணமேனும் ஐயத்தின் பயனை அவனுக்கு வழங்கவில்லை. சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டியது ஐந்து நிமிடமும், இடம் மாறி அமரும் மனமுமே. அவனது விசைகளை நான் ஒருமுறை பெற்று ஆடியிருந்தால் போதும். சுட்டியின் அழுக்கைச் சுரண்டியவனுக்கு, மின்வழங்கியின் தூசியைத் தேடிக் கண்டவனுக்கு, அது தெரியாததன்று. தோற்பவன் சொல்வதைச் சோதிக்கத் தேவையில்லை என்று வெல்பவன் கருதுவதே இதன் காரணம். எனக்கு அனுகூலமாக இருந்த கோணல் என் கண்ணுக்குக் கோணலாகத் தோன்றவில்லை.

2022 பங்குனி இறுதியில் மின்வெட்டு நாளொன்றிற்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. கணினிகள் யாவும் மௌனமாயிருந்த ஓரிரவு. கனடா செல்வதற்கான ஆயத்தங்களில் இருந்த தம்பியும் நானும் விறாந்தையில் அமர்ந்திருந்தோம். அவன் அன்று எழுந்துசென்று நின்ற அதே விறாந்தை. இருள் தந்த துணிவில் யாவற்றையும் கூறினேன். நிரை, நிரல், இருவாயி என விளக்கத் தொடங்கியபோது அவன் இடைமறித்தான்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் அண்ணா. நெற் கபே ஒண்டில வேற கீபோட்டில விளையாடிப் பாத்தனான். அங்க எல்லாம் வேலை செய்தது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியளே?" என்றான். சற்று நேரங்கழித்து, "கீபோட் பிழை எண்டு பிறகு விளங்கினதுதான். ஆனா நீங்கள் எல்லாரும் சிரிச்சதுதான் எனக்குள்ள நிண்டது" என்றான்.

அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. கூறத்தக்க மறுமொழியும் என்னிடம் இருக்கவில்லை.

பழமொழிகள் முன்னோர் அனுபவத்தின் சாரம் என்பதை நான் மறுக்கவில்லை. தன் குறையைக் கூடத்தின்மேல் ஏற்றுவோர் என்றும் இருப்பர். நானும் அவர்களுள் ஒருவனாகப் பலமுறை இருந்துள்ளேன். ஆயினும் கூடம் கோணல் என்று ஒருத்தி கூறும்போது, நகைப்பதற்கு முன் ஒரு நூலைப் பிடித்துக் கூடத்தை அளந்து பார்ப்பது எம் கடமை. அளப்பவர் அக்கூடத்தில் நன்றாக ஆடி மாலை பெற்றவராயின் அக்கடமை இருமடங்காகும்.

இன்று தம்பி ரொறன்ரோவில் இருக்கின்றான். வார இறுதிகளில் இணையத்தினூடாக இருவரும் ஆடுகின்றோம். அவனுக்கு அங்கே ஒரு விசைப்பலகை. எனக்கு இங்கே ஒன்று. பெரும்பாலும் தோற்பவன் நானே. சில வாரங்களுக்கு முன், தோல்வியொன்றின் முடிவில், "விசை வேலை செய்யேல்லையடா" என்று என்னையறியாமலே சொல்லிவிட்டேன். பழமொழி வருமென்று காத்திருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "மற்றக் கீபோட்டைக் கொழுவிப் பாருங்கோ அண்ணா, நான் நிக்கிறன்" என்றான்.