யாருக்குச் சொந்தம் பாபிலோன்?

பாக்தாதுக்குத் தெற்கே 85 கிலோமீட்டர் தொலைவில், ஹில்லா நகரை ஒட்டிப் பரந்து கிடக்கின்றன பாபிலோனின் இடிபாடுகள். 1899 முதல் 1917 வரை இங்கே அகழாய்வு நடத்திய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டவே, திரும்பிய பக்கமெல்லாம் ஒரே பெயரைத்தான் கண்டார். பாபிலோனின் அரசன், கோயில்களைப் புரப்பவன், நபோபொலாசரின் மூத்த மகன் என்று செங்கல் செங்கலாகத் தன் முத்திரையைப் பதித்து வைத்திருந்தான் இரண்டாம் நேபுகாத்நேச்சார். நீல மெருகிட்ட செங்கற்களில் காளைகள் அணிவகுக்கும் இஷ்தார் வாயிலும் அவன் எழுப்பியதே.

அந்தப் பெருமிதத்தை விவிலியத்தின் தானியேல் நூலின் நான்காம் அதிகாரமும் அறிந்திருக்கிறது. அரண்மனையில் உலாவும் அரசன், இது என் வல்லமையால் எழுந்த நகரம் என்று மார்தட்டுகிறான். பேச்சு அவன் வாயில் இருக்கும்போதே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆட்சி உன்னதமானவர் தருவது. அதை உணரும்வரை அவன் மாட்டைப்போலப் புல் மேய வேண்டும்.

தீர்க்கதரிசி எரேமியாவின் குரல் இதைவிடக் கடினமானது. ஏதோம், மோவாப், தீரு, சீதோன் முதலிய நாடுகளின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்த வேளையில், கழுத்தில் நுகத்தடி பூட்டியபடி அவர் பேசினார். இந்த நாடுகளையெல்லாம் நேபுகாத்நேச்சாரிடம் கொடுத்தவர் கடவுளே. அவன் அவருடைய ஊழியன். ஆனால் அவனுடைய தேசத்துக்கும் கெடு உண்டு. எருசலேமைக் கொளுத்தப்போகும் பகைவனைக் கடவுளின் ஊழியன் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! சொந்த மக்களே அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள்.

கி.மு. 597இல் யூதாவின் இளம் அரசன் யோயாக்கீன் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டான். நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் கோல்டவே தோண்டியெடுத்த களிமண் பலகைகள், எண்ணெய்ப் படி அளந்த கணக்குகள். அவற்றில் யோயாக்கீனின் பெயரும் அவனுடைய ஐந்து பிள்ளைகளும் இடம்பெறுகிறார்கள். அவன் சிறைபோன சுமார் பத்து ஆண்டுகளில் எருசலேமும் அதன் ஆலயமும் எரிந்தன.

கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். 1879இல் இங்கே கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் களிமண் உருளை அந்த வெற்றியை விவரிக்கிறது. பாபிலோனின் தெய்வமான மர்துக், நேர்மையான அரசனைத் தேடிக் கோரேஸின் கையைப் பிடித்து அழைத்து வந்ததாம்; நகரம் போரின்றி வசமானதாம். ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரமும் அதே அரசனைப் பற்றியே பேசுகிறது. அவனுடைய வலது கையைப் பிடித்தவர் இஸ்ரவேலின் கடவுள், அவன் அவரை அறியாதிருந்தும்கூட.

ஒரே வெற்றிக்கு இரு உரிமைக் குரல்கள். முதலாவது, வென்றவனின் அரசவையிலிருந்து எழுந்தது. இரண்டாவது, படையும் மண்ணும் ஆலயமும் இழந்த ஒரு சிறு கூட்டத்தின் குரல். தோற்ற மக்களின் தெய்வமும் தோற்றதாகவே அன்றைய உலகம் எண்ணியது. தீர்க்கதரிசிகளோ, தங்களை அழித்தவனையும் விடுவித்தவனையும் தங்கள் கடவுளே ஏவினார் என்றார்கள். அந்த நம்பிக்கையின் பிரமாண்டம் இதில்தான் இருக்கிறது.

நகரம் ஒரே இரவில் பாழாகிவிடவில்லை. கோரேஸ் அதைக் காத்தான்; கி.மு. 323இல் அலெக்சாந்தர் உயிர்விட்டதும் இங்கேதான். பிறகு டைக்ரிஸ் கரையில் எழுந்த செலூக்கியா அதன் மக்களை ஈர்த்துக்கொண்டது. நேபுகாத்நேச்சாரின் செங்கற்கள் பெயர்க்கப்பட்டு ஹில்லாவின் வீட்டுச் சுவர்களாயின. 1980களில் சதாம் உசேன் பழைய அடித்தளங்களின் மேல் புதுச் சுவர்கள் எழுப்பி, செங்கற்களில் தன் பெயரையும் பொறித்தார். 2003இல் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் இங்கே முகாமிட்ட அந்நியப் படைகளும் இடிபாடுகளுக்குச் சேதம் விளைவித்தன. 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அன்று யூதாவிலிருந்து இங்கே சிறையாக வந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், இந்த நகரத்தின் நலனுக்காக வேண்டுங்கள் என்று எரேமியா கடிதம் எழுதியிருந்தார். கோரேஸ் அனுமதித்தபோது பலர் எருசலேம் திரும்பினர், பலர் தங்கிவிட்டனர். அந்தச் சமூகத்தின் கல்விக்கூடங்களில்தான் யூதச் சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தால்முத் உருவானது. 1950–51இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஈராக்கிய யூதர்கள் விமானங்களில் இஸ்ரேல் சென்றனர். அந்தப் பெரும் பயணத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், பழைய சிறையிருப்புக்குப்பின் எருசலேமை மீண்டும் எழுப்பிய இருவருடையது: எஸ்றா, நெகேமியா.